பத்துமலைக் கதவுச் சிலந்தி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பத்துமலையின் 272 படிகளில் ஏறக்குறைய 200 படி ஏறியதும் இடப்பக்கம் ஒரு பாதை பிரியும். பால்குடத்தோடும் காவடியோடும் மேலே போகிற கூட்டத்தில் அதைக் கவனிப்பவர்கள் குறைவு. அந்தப் பாதை இருட்டுக் குகைக்குப் போகிறது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளை பிரிந்து செல்லும் அந்தக் குகையின் சுவர்களில் ஒரு கதவுச் சிலந்தி குடியிருக்கிறது. அறிவியல் பெயர் லிஃபிஸ்டியஸ் பத்துயென்சிஸ். 1923இல் எச். சி. ஆப்ரகாம் இதை விவரித்து, மலையின் பெயரையே சிலந்திக்கும் சூட்டினார். சிலாங்கூரின் சுண்ணாம்பு மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது.

பெண் சிலந்தியின் உடல் நம் கட்டைவிரலின் மேல் கணு அளவுதான். அதன் வயிற்றின் மேற்புறத்தில் வரிசையாகத் தகடுகள் தெரியும். வீட்டு மூலையில் வலை பின்னும் சிலந்திக்கு அப்படி எதுவும் இராது; பெரும்பாலான மற்றச் சிலந்திகளில் அந்தத் தகடுகள் எப்போதோ மறைந்துவிட்டன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளில் கிடைத்த ஆதிச் சிலந்திகளின் புதைபடிவங்களில் இதே தகடுகள் இருக்கின்றன. நூல் விடும் உறுப்புகள்கூட இதற்கு வயிற்றின் நுனியில் இல்லை, அடிவயிற்றின் நடுவில் இருக்கின்றன. டைனோசர் தோன்றும் முன்பே இருந்த உடலமைப்பு, கோலாலம்பூர் நகர மையத்திலிருந்து கொமுட்டர் ரயிலில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அதன் வீட்டைத் தெரிந்துகொண்டால்தான் கீழே சொல்லப்போகிற கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றும் எதற்கு என்று புரியும். குகைச் சுவரில் பட்டு நூலால் ஒரு குழாய் பின்னி, அதன்மேல் மண்ணையும் வௌவால் எச்சத்தையும் ஒட்டி, சுவரோடு சுவராக மறைத்துவிடும். குழாயின் வாயில் மெல்லிய வட்டக் கதவு. அதுவும் நூலும் மண்ணும்தான். மேல் விளிம்பு நூலால் சுவரோடு இணைந்திருக்கும், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். குழாய் வாயின் கீழ் விளிம்பிலிருந்து பெரும்பாலும் ஆறு முதல் எட்டு நூல்கள் விறைப்பாக வெளியே விரிந்து கிடக்கும். சிலந்தி கதவுக்குப் பின்னால், அந்த நூல்கள் தொடங்கும் இடத்தில் முன்கால்களை வைத்துக் காத்திருக்கும். எட்டுக் கண்களும் தலையின் மேல் ஒரு சிறு மேட்டில் நெருங்கி இருந்தாலும் பார்வை பெரிதாகப் பயன்படுவதில்லை; அதிர்வுதான் எல்லாம். நீண்ட உணர்கொம்புள்ள குகைப் பாச்சை ஒன்று நடந்துவந்து ஒரு நூலில் கால் இடறுகிறது. எந்த நூல் அசைந்தது என்பதிலிருந்தே இரை எந்தப் பக்கம் என்று சிலந்திக்குத் தெரிந்துவிடும். கதவு எழும்புகிறது, பாதி உடல் வெளியே வருகிறது, பாச்சை உள்ளே போகிறது, கதவு மூடுகிறது. கண் இமைத்தால் தவறவிட்டுவிடுவோம்.

இத்தனைக்கும் ஆதாரம் அந்தச் சில நூல்களும் அமைதியான ஒரு சுவரும்தான். நாம் செய்ய வேண்டியது பெரும்பாலும் விலகி நிற்பது. ஆகவே செய்யக்கூடாதவற்றை முதலில் சொல்கிறேன்.

செய்யக்கூடாதவை

இருட்டுக் குகைக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். பல ஆண்டுகள் வழிகாட்டிகளோடு கல்விச் சுற்றுலா நடந்த இடம் இது; 2019 தொடக்கத்தில் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. மூடியதால் குகைக்குள் கால்கள் குறைந்தன, நல்லதுதான். ஆனால் நாள்தோறும் உள்ளே போய்வந்த வழிகாட்டிகளின் கண்களும் இல்லாமல் போயின. வேலியைத் தாண்டிக் குதிப்பவனை யார் பார்ப்பது? என்னைக் கேட்டால், கட்டுப்பாட்டோடு திறந்திருக்கும் குகை, கவனிப்பாரில்லாமல் மூடிக்கிடக்கும் குகையைவிடப் பாதுகாப்பானது. அந்த முடிவு நம் கையில் இல்லை. வேலி தாண்டாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

கதவைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், குச்சியால் நெம்பாதீர்கள். குகை திறந்திருந்த காலத்தில் ஒருமுறை பள்ளி மாணவர்களோடு சேர்ந்து உள்ளே போயிருந்தேன். வழிகாட்டி சுவரில் ஓரிடத்தைக் காட்டினார். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. விளக்கை அவர் பக்கவாட்டில் சாய்த்தபோதுதான் கதவின் வட்ட விளிம்பு நிழலாகத் தெரிந்தது. நூல்கள் தூசு படிந்து சாம்பல் நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பையன், "அண்ணே, மெதுவா தட்டிப் பார்க்கட்டுமா?" என்றான். "தட்டினா சாப்பாடு வந்திருக்குன்னு அது வெளியே வரும் தம்பி. வந்து பார்த்தா ஒண்ணும் இருக்காது. ஒரு நாளைக்கு இருபது பேர் தட்டினா அது எப்படிப் பிழைக்கும்?" என்றார் வழிகாட்டி. குகைக்குள் இரை அரிது. வீணாக ஒருமுறை பாய்வதும், அறுந்த நூலை மறுபடி விடுவதும், பெயர்ந்த கதவைத் திரும்பக் கட்டுவதும் அதன் உடம்பிலிருந்து போகிற செலவு.

சுவரில் கை ஊன்றாதீர்கள், சாயாதீர்கள். இருட்டில் கால் தடுமாறினால் கை தானாகச் சுவரைத் தேடும். அந்தக் கை விழும் இடத்தில் ஒரு குழாய் இருக்கலாம். அனுமதியோடு எந்தக் குகைக்குள் போனாலும் வழுக்காத காலணி போட்டுக்கொண்டு, வகுத்த பாதையின் நடுவிலேயே நடங்கள்.

இருப்பிடத்தைப் படத்தோடு வெளியிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிய சிலந்திகளை வளர்ப்புப் பிராணியாக விலை கொடுத்து வாங்குகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். லிஃபிஸ்டியஸ் பேரினத்துச் சிலந்திகளுக்கு அந்தச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. நல்லெண்ணத்தோடு நீங்கள் போட்ட ஒரு படத்தில் பாறையின் வடிவமும் கைப்பேசி பதிந்த இடக்குறிப்பும் சேர்ந்துவிட்டால், திருடனுக்கு வழிகாட்டியே தேவையில்லை. படம் எடுத்தால் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பகிருங்கள். சுற்றுப்புறம் தெரியாத நெருக்கப் படத்தை மட்டும் காட்டுங்கள். "இன்ன வாசலிலிருந்து இத்தனை அடி" என்று குழுக்களில் எழுதாதீர்கள். கேட்பவர் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் பதில் "பத்துமலையில்" என்பதோடு நிற்கட்டும்.

வாங்காதீர்கள். பண்ணையில் வளர்த்தது என்று விற்பவர் சொன்னாலும் வாங்காதீர்கள். பெண் சிலந்தி பல ஆண்டுகள் குழாயிலேயே வாழ்ந்து, அங்கேயே முட்டையிட்டுக் காக்கும். ஆண் முதிர்ந்ததும் துணை தேடிக் குழாயை விட்டு வெளியேறும். அதற்குப் பிறகு அதற்கு நீண்ட ஆயுள் இல்லை. ஆகவே ஓர் இடத்தின் அடுத்த தலைமுறை முழுவதும் அந்தச் சில மூத்த பெண் சிலந்திகளை நம்பித்தான் இருக்கிறது. களவு போவதும் அவைதான், ஏனென்றால் பெரியவைதான் விலை போகும். ஒரு சுவரிலிருந்து நான்கைந்தை எடுத்துப்போனால் அந்தச் சுவர் மீள எத்தனை காலமாகும் என்று எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து வேறொன்று வந்து அந்த இடத்தை நிரப்பாது. பல சிலந்தி இனங்களின் குஞ்சுகள் நூலைக் காற்றில் விட்டு மிதந்து தூரதேசம் போகும். இந்தக் குஞ்சுகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நடந்து போகிற தூரம்தான் அவற்றின் உலகம்.

அதனால்தான் தீபகற்ப மலேசியாவில் இடத்துக்கு இடம் கதவுச் சிலந்தி இனம் மாறுகிறது. இந்தப் பேரினத்தில் முதலில் அறியப்பட்ட இனம் 1849இல் பினாங்கிலிருந்து விவரிக்கப்பட்டது. பேராக்கில் ஈப்போவுக்கு அருகே குனோங் கந்தானில் இருப்பது இன்னொன்று. 1997இல் பெயர் பெற்ற அந்த லிஃபிஸ்டியஸ் கந்தான் அந்த ஒரு மலையில் மட்டுமே அறியப்படுகிறது. அந்த மலையின் ஒரு பகுதி பல்லாண்டுகளாகச் சிமெண்டுக்காக வெட்டப்பட்டு வந்திருக்கிறது.

வௌவால்களைக் கலைக்காதீர்கள். ஒளிக்கற்றையைக் கூரை நோக்கிப் பாய்ச்சுவது, கைதட்டுவது, எதிரொலி கேட்கக் கத்துவது, மின்னல் விளக்குப் போட்டுப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம். குகைக்குள் வெயில் இல்லை, ஆகவே பச்சை இலையும் இல்லை. வெளியே மேய்ந்துவிட்டுத் திரும்பும் வௌவால்கள் போடும் எச்சம்தான் உள்ளே உணவாகிறது. எச்சத்தைக் கரப்பானும் பாச்சையும் தின்கின்றன, அவற்றைச் சிலந்தி தின்கிறது. வௌவால் போனால் சிலந்தியின் சாப்பாட்டுத் தட்டு காலி. இருட்டுக் குகையில் தங்கும் வௌவால்களில் தேன் குடிக்கும் குகை வௌவால் ஒன்று உண்டு. டுரியான் மரமும் பெத்தாய் மரமும் இரவில் பூக்கும்போது மகரந்தம் சுமப்பது இதுதான். டுரியான் பருவத்தில் சாலையோரக் கடையில் நின்று விலை பேசுகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பழத்தின் பின்னால் பத்துமலை இருக்கக்கூடும் என்று தெரியும்?

எச்சக் குவியலைக் கிளறாதீர்கள், மிதிக்காதீர்கள். 1860களில் சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டத்துக்கு உரமாக இதை வெட்டி எடுத்தார்கள்; அது வேறு காலம். எச்சத் தூசியில் இருக்கக்கூடிய ஒருவகைப் பூஞ்சைக் கிருமி மனித நுரையீரலுக்கும் ஆகாது.

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். வாழைப்பழமும் முறுக்கும் படியில் சிதறினால் எலி, எறும்பு, ஊர்க் கரப்பான் எல்லாம் மலையேறி வரும். குகை வாசல் சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. குறைந்த உணவுக்குப் பழகிய குகை உயிர்கள் ஊர்ப் பூச்சிகளோடு போட்டி போட முடியாது.

மருந்து அடிக்கச் சொல்லாதீர்கள். படியோரத்தில் பூச்சி தென்பட்டால் பூச்சிக்கொல்லி தெளிக்கும்படி கோயில் ஊழியரை வற்புறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாறை வெடிப்பில் ஊறும் நஞ்சு எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சிலந்தி நம்மைத் தேடி வராது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதுதான் அதன் தற்காப்பு.

செய்ய வேண்டியவை

தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் தங்கள் குப்பையைத் தாங்களே கீழே கொண்டு வாருங்கள். கே. தம்புசாமிப் பிள்ளை இங்கே முருகனுக்குக் கோயில் கண்டபிறகு 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிறது. இன்று அந்த நாள்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் என்றாலே கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்த்திக்கடனுக்கு ஏறுகிறவர் கையில் பால்குடம் இருக்கும், அவரால் குனிந்து பொறுக்க முடியாது. உடன் வருகிற தம்பி தங்கைகள் ஆளுக்கொரு பை எடுத்து வரட்டும். மேலே கோயில் குகையில் பாலும் கற்பூரமும் அவற்றுக்குரிய இடத்தில் மட்டும் இருக்கட்டும். பாறை இடுக்கில் எலுமிச்சம்பழமும் சூடத் தட்டும் வைத்துவிட்டு வருவது வேண்டாம்.

உறுமி மேளத்தைக் கீழே திடலில் ஆசைதீர வாசியுங்கள். காவடி ஆட்டத்துக்கு உறுமி வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. இருட்டுக் குகைக்குப் பிரியும் பாதையருகே மட்டும் நின்று வாசிக்காமல் நகர்ந்துவிடுங்கள். ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைக்காதபடி விழாத் தொண்டர்கள் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. நூலில் வரும் அதிர்வை வைத்துத்தான் இந்தச் சிலந்தி வாழ்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் குகை பாருங்கள். ராவாங் பக்கத்துத் தக்குன், அனாக் தக்குன் மலைகளுக்குப் போகும் நடைப்பயணக் குழுக்களுக்கும் இது பொருந்தும். குழு சிறியதாக இருக்கட்டும். மங்கிய விளக்கு போதும், ஒளி தரையில் விழட்டும். ஒரு சுவரை ஆளாளுக்கு வெளிச்சமடித்துப் பார்க்காமல் ஒருவர் காட்ட மற்றவர் பார்த்துவிட்டு நகருங்கள். வேறொரு குகைக்குப் போன காலணியைக் கழுவிக் காயவைத்துவிட்டு அடுத்த குகைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்காமலே திரும்பத் தயாராக இருங்கள். படியேறி வந்தவருக்கு "ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையே" என்று மனக்குறை இருக்கும். அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு சிலந்தியைக் காட்டியே தீர வேண்டும் என்று வழிகாட்டியை நெருக்கினால், பாதையோரத்தில் இருக்கும் அதே இரண்டு மூன்று கதவுகள்தான் தினமும் வெளிச்சத்தில் நனையும். பள்ளிகளுக்கு என் யோசனை இது: மாணவர்கள் களிமண்ணில் ஒரு குழாயும் கதவும் செய்து, அதிலிருந்து ஏழெட்டு நூல்களை இழுத்துக் கட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு எந்த நூல் ஆடுகிறது என்று விரலால் சொல்லட்டும். நூலைப் பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு இந்தச் சிலந்தி மறக்காது.

மலையின் வரலாற்றைக் குடும்பத்தில் பேசுங்கள். 1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே எழுதிய பிறகுதான் இந்தக் குகைகள் வெளியுலகத்துக்குத் தெரியவந்தன. அதற்கு முன்பே தெமுவான் பூர்வகுடியினர் குகை வாசல்களில் தங்கியிருக்கிறார்கள். பிற்காலத்தில் சுண்ணாம்புக் கல்லுக்காக மலையின் பக்கங்கள் வெடிவைத்து உடைக்கப்பட்டன. மலேசிய இயற்கைக் கழகம் உள்ளிட்டோர் குரல் கொடுத்து, 1980 வாக்கில்தான் கல்லுடைப்பு நின்றது. நின்றிருக்காவிட்டால் சிலந்தி மட்டுமா போயிருக்கும்? கோயிலைத் தாங்குவதும் அதே சுண்ணாம்புப் பாறைதான். 2012இல் மலையருகே 29 மாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் வந்தபோது, கோயில் தரப்பும் இயற்கை ஆர்வலர்களும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். பக்தியும் இயற்கைப் பாதுகாப்பும் இந்த மலையில் எதிரெதிர் கட்சிகள் என்று பேசுகிறவர்களுக்கு அந்த ஆண்டை நினைவூட்டுங்கள்.

சுண்ணாம்பு மலையருகே வீடோ கடையோ வாங்கும்போது கேள்வி கேளுங்கள். மலையடியிலிருந்து எவ்வளவு தூரம் விட்டுக் கட்டுகிறார்கள்? மழைநீரும் கழிவுநீரும் எந்தப் பக்கம் வடியும்? கடைக்கால் போட வெடி வைப்பார்களா? மலைமேல் இருக்கும் காட்டை வெட்டுவார்களா? காடு போனால் பாறை வழியே குகைக்குள் சொட்டும் ஈரம் குறையும். உள்ளே காற்று வறண்டால் மென்தோல் உயிர்கள் தாங்காது. விற்பனையாளரிடம் பதில் இல்லையென்றால் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்கும் அறிவிப்பு வந்தால் உங்கள் ஆட்சேபத்தைக் காலக்கெடுவுக்குள் கொடுங்கள். கெடு முடிந்தபிறகு கொடி பிடிப்பதில் பயன் குறைவு.

சந்தேகமான நடமாட்டம் கண்டால் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறைக்கு, அதாவது பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். சிறு டப்பாக்களும் குறடும் எடுத்துக்கொண்டு பாறைச் சுவரைத் தடவிப் பார்ப்பவர்கள், இரவில் வேலிக்கு உள்ளே தெரியும் வெளிச்சம், இணையத்தில் "மலேசியக் கதவுச் சிலந்தி" என்று வரும் விற்பனை விளம்பரம் எல்லாமே தகவல்தான். நீங்களாகப் போய் மறிக்க வேண்டாம். தேதி, நேரம், பார்த்த இடம், வண்டி எண் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரமென்றால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விற்பவர் அழித்துவிடக்கூடும். புகாரில் சிலந்தியின் பெயரை லிஃபிஸ்டியஸ் என்றே எழுதுங்கள். வெறுமனே சிலந்தி என்று எழுதினால் படிப்பவருக்கு அதன் அவசரம் புரியாமல் போகலாம்.